தறிக்கூடத்து ஸ்பீக்கர்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று விற்கப்படும் சிறிய ஹைஃபை ஸ்பீக்கர்கள் அநேகமாக எல்லாம் ஒரே அமைப்பு கொண்டவை. ஓர் அடி உயரத்தில் எம்.டி.எஃப் பலகையால் ஆன ஒரு பெட்டி. கீழே நான்கு முதல் ஐந்தேகால் அங்குலம் வரையிலான வூஃபர், மேலே ஓர் அங்குலமோ அதற்கும் சிறியதோ ஆன ட்வீட்டர். தாழ்ந்த ஒலிகளை வூஃபருக்கும் உயர்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சிறு மின்சுற்று ஒன்று உள்ளே இருக்கும். பல மாடல்களில் ஆம்ப்ளிஃபயரும் பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. கைபேசியையோ டிவியையோ நேராக இணைத்துவிடலாம்.

காஞ்சிபுரத்தில், குறிப்பாகப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், கேட்பதும் உழைப்பதும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. தறியில் கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். முதலில் அந்தக் காதுக்கு ரேடியோ வந்தது, பிறகு டேப் ரெக்கார்டர், இப்போது கைபேசி. கைபேசியின் சன்னமான ஒலி போதாமல்தான் பலர் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு வருகிறார்கள். வாங்கியபின் அவர்கள் சொல்லும் குறையும் நிறையும் பெட்டியை மட்டும் பற்றியவை அல்ல. அறையும் பழைய பதிவுகளும் உட்காரும் இடமும் சேர்ந்துதான் அந்தப் பேச்சு உருவாகிறது. ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துப் பார்த்தால், விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பொதுவாக நினைப்பதைவிட நல்லவை என்பது தெரியும்.

இன்று அநேகமாக எல்லா ஸ்பீக்கர்களிலும் இருக்கும் சுருளும் கூம்பும் கொண்ட அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ரைஸ், கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்டனர். அதன்பின் முப்பதாண்டுக் காலம் நல்ல பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும் என்பதே நிலை. எட்கர் வில்ச்சர் 1954இல் கொண்டுவந்த ஏ.ஆர்-1 அதை மாற்றியது. பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்பின் பின்னால் ஸ்பிரிங்காக வேலை வாங்கினார் அவர். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த கணக்குகள் பெட்டியின் கொள்ளளவையும் அதில் காற்றுக்காக விடும் துளையின் நீளத்தையும் வூஃபரின் குணங்களையும் ஒரே சூத்திரத்தில் இணைத்தன. அதற்கு முன் அறுத்து ஒட்டி, கேட்டுப் பார்த்துத் திருத்தியவை இப்போது காகிதத்திலேயே முடிகின்றன. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வார்ஃப்டேல் நிறுவனம் வெளியிட்ட டயமண்ட், சிறிய பெட்டி மலிவாகவும் நன்றாகவும் இருக்க முடியும் என்பதைச் சந்தையில் காட்டியது. இன்று ஏழெட்டாயிரம் ரூபாய் ஜோடியும் அந்தக் கணக்குகளின்மேல்தான் நிற்கிறது.

ஆனாலும் ஒரு விதியை யாரும் மீறிவிடவில்லை. கே.எல்.எச் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரியவரான ஹாஃப்மன் சொன்னது அது: சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சக்தியில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டுதான் கிடைக்கும். தெருவில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் மூன்றாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அது 105 டெசிபல் அளவில் முழங்கும், ஆனால் தவிலின் அடியில் உள்ள கனம் அதில் வராது. வீட்டுப் பெட்டி அதே ஒரு வாட்டுக்கு 85 டெசிபல்தான் தரும். இடைவெளி 20 டெசிபல், அதாவது அந்தக் குழாயின் சத்தத்தை எட்ட வீட்டுப் பெட்டிக்கு நூறு மடங்கு மின்சக்தி வேண்டும். வைகாசி கருடசேவையன்று வரதராஜப் பெருமாள் கோயில் தெருக்களில் கேட்ட முழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டு ஸ்பீக்கரை வாங்குபவர் ஏமாந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

பாஸுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் பெரிது. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க வேண்டுமென்றால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஐந்து அங்குலக் கூம்புக்கு அதற்கு இடமில்லை. அதனால் இத்தகைய பெட்டிகள் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல ஓய்ந்துவிடுகின்றன. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கேட்கும் இசையைப் பொறுத்தது.

கர்நாடக இசைக்கு இழப்பு குறைவு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கான தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வைச் சிறிய பெட்டி சரியாகத் தருவதில்லை. ஆனால் தம்புராவின் ஜீவா அதன் மேல் அதிர்வுகளில் இருக்கிறது. குதிரைக்கும் தந்திக்கும் இடையே நுழைக்கும் ஜீவா நூல் எழுப்பும் மேலதிர்வுகளைச் சி.வி. ராமன் 1921இல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றிய கட்டுரையில் ஆராய்ந்தார். மேலதிர்வுகள் ஒழுங்காக வந்தால், இல்லாத அடி அதிர்வைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். நான்கு அங்குல ஸ்பீக்கரிலும் தம்புரா முழுமையாக ஒலிப்பது இந்தக் காரணத்தால்தான். மிருதங்கத்தின் வலந்தலையும் அப்படியே. நடுவில் அப்பிய கரும்பசை அந்தத் தோலின் மேலதிர்வுகளை வீணைத் தந்தியுடையவை போல ஒழுங்கான வரிசையில் நிறுத்துகிறது என்பதை ராமன் 1920லேயே காட்டியிருந்தார். இடப்பக்கம் வேறு கதை. ரவையை ஒட்டி இறக்கிய தொப்பியின் கும்மென்ற ஒலிக்கு மேலதிர்வுகள் குறைவு, ஆகவே காது இட்டு நிரப்பவும் வழியில்லை. தனி ஆவர்த்தனத்தில் வலதுகை துல்லியமாகவும் இடதுகை மெலிந்தும் கேட்பது சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான அனுபவம்.

குரலோ முழுக்க இந்தப் பெட்டிகளின் எல்லைக்குள் அடங்குகிறது. பிபிசி நிறுவனம் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற சிறு பெட்டி இன்றும் உவமை சொல்லப்படுவதற்குக் காரணம் அதன் பாஸ் அல்ல, பேச்சையும் பாட்டையும் அது உள்ளபடி தந்ததுதான். இடைப்பட்ட அதிர்வுகளில் ஏற்ற இறக்கமில்லாத ஒலி என்பதே அதன் குறிக்கோள். நல்ல மலிவு ஸ்பீக்கரும் கெட்ட மலிவு ஸ்பீக்கரும் பிரியும் இடமும் அதுவே. ஆனால் கடைகளில் கேட்டுப் பார்க்கும்போது மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அந்த இடம்தான்.

காஞ்சிபுரத்தின் சொந்தப் பதிவு வரலாறு இங்கே உதவும். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமபோன் தட்டுகளில் பாடியவர். அவருடைய சகோதரியின் மகன் நாயனா பிள்ளை. லய நுட்பத்துக்குப் பெயர்பெற்ற அவர், பதிவுக்கு இணங்காமலேயே 1934இல் மறைந்தார். எத்தனை லட்சம் ரூபாய் ஸ்பீக்கர் வாங்கினாலும் அவர் குரலைக் கேட்க முடியாது. அவர் ஆண்டுதோறும் நடத்திய தியாகராஜ உற்சவத்துக் கச்சேரிகளைச் சிறுமியாக இருந்து கேட்டு வளர்ந்தவர் 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். அவரோ தட்டு, ரேடியோ, திரைப்படம் என்று எல்லா வழிகளிலும் வீடுகளுக்குள் நுழைந்தவர். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்களைக் கேட்காத தமிழ் வீடு அன்று குறைவு.

தனகோடி அம்மாள் காலத்துப் பதிவு மைக்ரோபோன் இல்லாமல் குழாய் வழியாகச் செய்யப்பட்டது. ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் இசை என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம். மின்முறைப் பதிவு வந்தபின் எல்லை 5000 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்தது. மத்திய அலை ரேடியோவும் ஏறத்தாழ அவ்வளவே தந்தது. ஆக, பழைய பட்டம்மாள் தட்டுகளின் மறுபதிவைக் கேட்பவருக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் ட்வீட்டரால் கிடைப்பது பெரும்பாலும் ஊசியின் இரைச்சல்தான். கடையில் புதுப் படப் பாட்டைப் போட்டு ‘ஆகா, என்ன தெளிவு’ என்று வாங்கிவந்த ஸ்பீக்கர், வீட்டில் பழைய பாட்டுக்குக் கரகரக்கிறது என்ற புகாரின் வேர் இங்கே இருக்கிறது. பெட்டி கெட்டதல்ல, பதிவில் உள்ளதை எல்லாம் அது ஒளிக்காமல் காட்டுகிறது, சில பெட்டிகள் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் கூட்டியும் காட்டுகின்றன. பின்பக்கத்தில் ட்ரெபிள் குமிழ் இருந்தால் பழைய பாட்டுக்கு அதைக் குறைத்துக்கொள்வதில் எந்த அபசாரமும் இல்லை. ஹைஃபை பக்தர்கள் அதை ஒப்பமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

திரை இசை எதிர்த்திசையில் போனது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் பாட்டுக்கு எதிரே தனி மெட்டாக நடந்தது. அதன் சஞ்சாரம் சிறிய வூஃபருக்கும் பெரும்பாலும் எட்டும். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு அடி அதிர்வுகள் இன்னும் கீழே இறங்கின, வீட்டுக்காரர்கள் எதிர்பார்க்கும் ‘அதிர்வு’ம் மாறியது. இதற்குச் சந்தை கொடுத்த பதில்தான் தனி சப்வூஃபருடன் வந்த 2.1 செட்டுகள். அவற்றில் பலவற்றின் பெட்டிமேல் ஆயிரக்கணக்கான வாட் பி.எம்.பி.ஓ என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணுக்கு ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை, விளம்பரம் எழுதியவர் நினைத்ததுதான் அளவு. சப்வூஃபரோ பெரும்பாலும் ஒரே ஒரு சுருதியில் மட்டும் உறுமும். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் அதே உறுமல். இதையும் கேட்டு, சப்வூஃபர் இல்லாத ஒரு சாதாரண ஜோடியையும் கேட்டவர்கள் சில வாரங்களில் ஜோடிக்கே திரும்புவது வியப்பல்ல.

அடுத்தது அறை. காஞ்சிபுரத்தின் பழைய வீடுகள் ஒடுங்கி நீண்டவை: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு. நாட்டு ஓட்டுக் கூரையும் திறந்த முற்றமும் பாஸை வெளியே விட்டுவிடும். அங்கே சிறிய பெட்டி மெலிந்து ஒலிக்கும், ஆனால் எதிரொலி இல்லாமல் குரல் சுத்தமாக இருக்கும். அதே மனையில் இடித்துக் கட்டிய கான்கிரீட் வீட்டில் நிலைமை தலைகீழ். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம், தரையில் வழவழப்பான டைல்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. பன்னிரண்டடிச் சுவர்களுக்கு இடையே 48 ஹெர்ட்ஸ் அதிர்வு நின்று ஆடும். பத்தடி அகலத்தில் 57. உயரமும் பத்தடியே என்பதால் அதே 57 இரட்டிப்பாகும். அறையின் மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் இந்த அதிர்வுகள் முழுவதும் கிளம்பும். ‘பாஸ் பிரமாதம்’ என்று ஒரு வீட்டிலும் ‘ஒரே கும்மென்று இருக்கிறது’ என்று அடுத்த வீட்டிலும் ஒரே மாடலைப் பற்றிச் சொல்வதை இந்தக் கணக்கு தீர்த்துவைக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுப்பது காசில்லாத வைத்தியம். பின்பக்கம் துளை உள்ள பெட்டிக்கு அது கட்டாயம். மேல் ஸ்தாயியின் எதிரொலிக்கோ நெசவு வீட்டிலேயே மருந்து இருக்கிறது: தொங்கும் துணிகள், மெத்தை, திறந்த அலமாரியில் அடுக்கிய சேலைகள்.

தறி நடக்கும்போது கேட்பதற்குத் தனி இலக்கணம். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். அவர் காது தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். ஸ்பீக்கரோ வழக்கமாக டிவிக்குப் பக்கத்தில் ஷெல்ஃபின் மேல், நின்றவர் தலை உயரத்தில் உட்கார்ந்திருக்கும். இத்தகைய பெட்டியில் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றாகப் பாடும் இடம் 2500, 3000 ஹெர்ட்ஸ் வாக்கில். நேர்க்கோட்டை விட்டு அதிகம் மேலேயோ கீழேயோ போனால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். குரலில் சொற்களின் மெய்யெழுத்துகள் துலங்கும் பகுதி அது. பலகை அடிக்கும் சத்தமும் ஜக்கார்டின் கடகடப்பும் அதே நேரத்தில் காதை அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ‘பாட்டு கேட்கிறது, வார்த்தை புரியவில்லை’ என்ற குறைக்குச் சத்தத்தைக் கூட்டுவது பதிலாகாது. பெட்டியைக் கீழே ஒரு முக்காலியில் இறக்கி, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி திருப்பி, நான்கடி தூரத்துக்குள் கொண்டுவந்தாலே போதும். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடுகிறது, அது நான்கு மடங்கு மின்சக்திக்குச் சமம்.

ஜோடியாக வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கும் தறி பதில் சொல்கிறது. ஸ்டீரியோ சரியாக விழும் இடம் ஒரே ஓர் ஆள் உட்காரும் இடம். கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும், துணைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் ஸ்டீரியோ கிடையாது. பட்டம்மாளின் தட்டுகளும் வானொலிக் கச்சேரிகளும் அந்நாளில் மோனோவாகப் பதிவானவையே. வேலை நேரத்துக்கு ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் மோனோவில் ஓடுவது இரண்டு மட்டமான ஸ்பீக்கர்களைவிட மேல். மாலையில் தறியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு மட்டும்தான் ஜோடி பயன்படும்.

பட்டு ஊருக்குச் சொந்தமான ஒரு விஷயமும் இந்தப் பெட்டிகளுக்குள் உண்டு. எடிஃபையர் ஆர்1280டி போன்ற மலிவு மாடல்களிலும் விலையுயர்ந்த பலவற்றிலும் ட்வீட்டரின் சிறு குமிழ் மெல்லிய பட்டுத் துணியால் ஆனது. துணியை அச்சில் அழுத்திக் குமிழாக்கி, நூல்களுக்கு இடையிலான கண்களை அடைக்கும்படி ஒரு பிசின் பூச்சைக் கொடுக்கிறார்கள். அலுமினியக் குமிழ் விறைப்பானது. அது தன் சொந்தச் சுருதியில் அதிரத் தொடங்கினால் கூர்மையாகக் கீச்சிடும், நன்றாகச் செய்தவற்றில் அந்தச் சுருதியைக் கேட்கும் எல்லைக்கு மேலே தள்ளிவிடுவார்கள். பட்டு முன்னதாகவே குலுங்கத் தொடங்கும், ஆனால் நூலும் பூச்சும் அந்த அதிர்வை உடனுக்குடன் உறிஞ்சிவிடும். ‘பட்டு ட்வீட்டர் மென்மையாக இருக்கிறது’ என்று சொல்வதில் இவ்வளவு உண்மை உண்டு. மிச்சம் பெயரின் கவர்ச்சி. துணிக்குமிழ்களில் பாலியெஸ்டரும் உண்டு. செவிக்கு வித்தியாசம் தெரிவது அரிது. ஒரு நூலை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வருகிறதா என்று முகர்ந்து அசல் பட்டைக் கண்டுபிடிக்கும் காஞ்சிபுரத்து வழக்கத்துக்கு இங்கே வாய்ப்பில்லை.

வைத்திருப்பவர்களின் அபிப்பிராயங்களை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றி உறுதியான ஆய்வுகள் உள்ளன. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மதிப்பிட்டனர். ஏற்ற இறக்கமில்லாத ஒலி அவர்களுக்குப் பிடித்திருந்தது. 1994இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெட்டியின் அளவும் பெயரும் விலையும் காதுக்கு முன்னால் வந்து நின்றன. குறைகளை மோனோவில்தான் எளிதாகப் பிடிக்க முடிகிறது என்பதும் டூல் கண்டது. தறிக்கு அருகே ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர் தன்னை அறியாமலே கடுமையான பரீட்சகராக இருக்கிறார்.

‘முதலில் நன்றாக இல்லை, ஐம்பது மணி நேரம் ஓடியபின் திறந்துகொண்டது’ என்பது இன்னொரு வழக்கமான பேச்சு. கூம்பின் விளிம்பும் உள்ளே உள்ள சுருக்குத் துணியும் முதல் சில மணி நேரத்தில் சற்று இளகுவது உண்மை. அதன்பின் பழகுவது பெரும்பாலும் காதுதான். கடையில் இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது சத்தமாகத் தெரியாது, ‘நல்லதாக’த் தெரியும். இதை அறிந்த விற்பனையாளர்களும் உண்டு. நம்பத்தக்க அபிப்பிராயம் ஓராண்டு கழித்து வருவது: தொடர்ந்து இரண்டு மணி நேரம் கேட்டால் களைப்பு வருகிறதா, எம்.எஸ்ஸின் சுப்ரபாதமும் நேற்று வந்த பாட்டும் ஒரே பெட்டியில் பொறுக்கும்படி இருக்கின்றனவா, அணைக்கத் தோன்றுகிறதா.

பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைக் கூம்பின் விளிம்பு தீர்மானிக்கிறது. ஃபோம் விளிம்பு நம் ஈரக் காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிந்துவிடும். ரப்பர் விளிம்பு அதைவிட நெடுநாள் நிற்கும், வாங்கும்போது விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே எது எதுவென்று தெரியும். எம்.டி.எஃப் பலகைக்குத் தண்ணீர் ஆகாது. தரையைக் கழுவிவிடும் வீட்டில் பெட்டி நேராகத் தரையில் நிற்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ரகத்தில் அநேகமாக முதலில் போவது அந்த மின்சுற்றுதான், அது போனால் நல்ல நிலையில் உள்ள வூஃபரும் ட்வீட்டரும் அதோடு மூலைக்குப் போகின்றன. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பொடிந்த விளிம்பை மாற்றவும் எரிந்த சுருளைச் சுற்றவும் சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள், மாற்றுக் கூம்பும் அங்கேயே கிடைக்கும்.